மூணாறில் ஒரு நகல்

மீனாட்சிபுரம் பால் சங்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் யோகப்பிரியாவின் பொறுப்பில் ஒரே ஒரு சர்வர் இருந்தது. ஆயிரத்து இருநூறு மாடுகளின் சினை ஊசி, தடுப்பூசி, கன்று ஈன்ற தேதி எல்லாம் அதற்குள். நகல் ஒன்று ஹார்ட் டிஸ்கில் ஏறும். அந்த டிஸ்க் சர்வரிலேயே சொருகிக் கிடக்கும்.

பங்குனியில் பக்கத்து ஊர்ச் சங்கத்தில் இடி விழுந்து, சர்வரும் டிஸ்கும் சேர்ந்தே கருகின.

"நம்மளுக்கும் அப்படி ஆகுமா அம்மிணி?" என்றார் செயலாளர் தங்கதுரை.

"ஆகுமுங்ணா. ஒரு நகலு வேற ஊர்ல இருக்கோணும்."

"நீயே தெனம் ஊட்டுக்குக் கொண்டு போயிரேன்."

கொண்டுபோனாள். முதல் வாரத்திலேயே இரண்டு நாள் மறந்தாள். ஒரு நாள் டிஸ்க் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தது. ஞாபகத்தை நம்பினால் சரிப்படாது என்று அதை விட்டாள். இணையத்தில் வாடகைக்கு இடம் பிடிக்கலாம் என்றால், விவசாயிகளின் விவரம் வெளிக் கம்பெனியிடம் போகக்கூடாது என்று கமிட்டி மறுத்துவிட்டது.

கூடப் படித்த ஆர்த்தி மூணாறில் ஒரு விடுதியின் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் போட்டதும் ஒப்புக்கொண்டாள். "ஒன் நகல நான் வச்சிக்கிடுதேன், எங்க நகல நீ வச்சிக்க. ஆனா பூட்டி அனுப்பு. என்னாலயே தெறக்க முடியக் கூடாது." பூட்டிய நகல் என்றதும் கமிட்டியும் சம்மதித்தது.

தினமும் மதியம் ஒரு மணிக்கு நகல் தானாகவே மூணாறுக்குப் போனது. கடைசிப் பதினைந்து நாள் நகல்கள் அங்கே தனித்தனியாக நின்றன.

மூன்று வாரம் கழித்து, பழைய லேப்டாப்பில் ஒரு நகலைத் திறந்து பார்க்க உட்கார்ந்தாள். கடவுச்சொல் கேட்டது. அதை அவள் சேமித்திருந்ததோ சர்வரில் மட்டும். சர்வர் போனால் மூணாறு நகலும் வெறும் குப்பைதான். உடனே கடவுச்சொல்லை இரண்டு தாளில் எழுதி, ஒன்றைச் சங்கத்து லாக்கரில் வைத்தாள்; இன்னொன்றை வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுபடி முயன்றபோது நகல் திறந்தது.

ஆனி மாதம் யாரோ சொருகிய பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறி, சர்வரையும் டிஸ்கையும் ஒரே காலையில் முடக்கியது. தங்கதுரை நாற்காலியில் சாய்ந்துவிட்டார். யோகப்பிரியா சர்வரில் இருந்ததையெல்லாம் அழித்து, மூணாறிலிருந்து முந்தின நாள் நகலை இறக்கி, லாக்கர் தாளிலிருந்த கடவுச்சொல்லால் திறந்தாள். சாயங்காலப் பால் எடுப்பதற்குள் எல்லாம் வந்துவிட்டது, அந்த நகலுக்குப் பிறகு பதிந்த பன்னிரண்டு பதிவுகளைத் தவிர. தகவல் சொன்ன வீடுகளின் பெயர் மட்டும் மேசை நோட்டில் இருந்தது; ஒவ்வொன்றாகப் போன் போட்டாள்.

"ஏனுங்க, உங்க மாடு நேத்து கன்னு போட்டுச்சுங்களா? காளங்கன்னா, கெடேரியா?"

"ஆமா சாமி. கெடேரி" என்றாள் முதல் வீட்டு மருதாத்தாள்.

யோகப்பிரியா அதைப் பதிந்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினாள்.