ஒரு ஈ பறக்காது

பல் துலக்கின கையோடு கீழே இறங்கி ஆதிமூலம் அண்ணனிடம் சொன்னேன். சொன்னேன் என்பதைவிட மிரட்டினேன் என்பதுதான் சரி.

"அண்ணா, பதினோரு மணிக்கு எனக்கு ஆன்லைன்ல இன்டர்வியூ. அது முடியற வரைக்கும் உங்க மைக்க ஆஃப் பண்ணி வைங்க. இந்த வேலையும் போச்சுன்னா கீழ்பென்னாத்தூருக்குக் கடலைக் கொல்லையில மல்லாட்டை புடுங்கத்தான் போவணும்."

"நீ மேல போ பாப்பா. ஒரு ஈ பறக்காது."

செங்கம் ரோட்டில் இருக்கிற இந்த காம்ப்ளக்ஸில் குடியிருப்பது நான் ஒருத்திதான், இரண்டாவது மாடியில். மற்றதெல்லாம் கடை. கீழே ஆதிமூலத்தின் சவுண்ட் சர்வீஸ், அதை ஒட்டி எழிலின் மெக்கானிக் கடை, முதல் மாடியில் தையல் மெஷின்கள். ஊருக்குள் ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு போகிற அறிவிப்பெல்லாம் ஆதிமூலம் பேசிப் பதிவு செய்ததுதான். ஜவுளித் தள்ளுபடிக்கும் அவர் குரல், சாவுக்கும் அவர் குரல். பதிந்ததை நாளெல்லாம் குழாயில் ஓட்டிப் பார்ப்பார். மனுஷி குடியிருக்கிற இடமா என்றால் இல்லை. ஆனால் வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் முதலில் எந்த ஊர் என்று கேட்டார்கள், அடுத்து ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். தெருவைச் சொன்னதும் அந்த வீட்டுக்கு ஏற்கெனவே வேறு ஆள் வந்திருந்தது. காம்ப்ளக்ஸ்காரர் மட்டும்தான் தெரு கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். திரையில் மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். கீழே நிஜமாகவே ஈ பறக்கவில்லை. மனப்பாடம் செய்யாத பதில்கள்கூட இங்கிலீஷில் வந்து விழுந்தன. அப்போது எழில் ஒரு புல்லட்டை முறுக்கினான். உடனே குழாய் கரகரத்தது.

"அன்பார்ந்த வியாபாரப் பெருமக்களே! நமது இரண்டாவது மாடி சிந்துஜா பாப்பாவுக்கு இன்டர்வியூ நடைபெற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே யாரும் சத்தம் போடாமல் ஒத்துழைப்பு நல்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். டேய் எழிலு, வண்டிய நிறுத்துடா!"

தொழில் பழக்கம். இன்னொரு முறையும் சொன்னார்.

திரையிலிருந்த மூன்று பேரில் ஒரு அம்மா, அங்கே ஏதாவது ஃபங்ஷனா என்று கேட்டார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் மனப்பாடம் செய்ததுகூட ஒன்றிரண்டு வார்த்தையாகத்தான் வந்தது. மெயில் பண்ணுகிறோம் என்று முடித்துவிட்டார்கள்.

செருப்புகூடப் போடாமல் இறங்கினேன். அவர் மைக்கும் கையுமாக நின்றிருந்தார். "எப்படி பாப்பா? அத்தினி பேரையும் அடக்கிட்டேன், பாத்தியா?" முகமெல்லாம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

"தெருத் தெருவா கத்திப் பொழைக்கிற ஆளுக்கு இன்டர்வியூன்னா இன்னான்னு தெரியுமா?"

எழில் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். தையல் அக்காக்கள் கைப்பிடிச் சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். தெரு. இந்த முறை அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. ஆதிமூலம் குனிந்து மைக்கை அணைத்தார். அது முன்னமே அணைந்துதான் இருந்தது.

அதற்கப்புறம் காம்ப்ளக்ஸில் சத்தமே இல்லை. எழில் வண்டியை ரோட்டுக்குத் தள்ளிப் போய்த்தான் முறுக்குகிறான். நான் கேட்டது கிடைத்துவிட்டது. சோறு மெல்லுகிற சத்தம் எனக்கே கேட்கிறது.

நேற்று மெயில் வந்தது. இரண்டாவது ரவுண்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மாவுக்குக்கூட போன் போடாமல் கீழே ஓடினேன். சவுண்ட் சர்வீஸ் ஷட்டர் பாதிக்கு இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தேன். ஆதிமூலம் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டி, தன் குரலைத் தான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா" என்றேன்.

கேட்கவில்லை. இன்னொரு முறை நான் கூப்பிடவில்லை.

மேசைமேல் குழாய் கிடந்தது. அதன் வாயில் பழைய லுங்கியொன்றை அடைத்து வைத்திருந்தார். வெளியே தொங்கிய நுனி ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.