விறகடுப்பு லென்ஸ்

என் கணவர் தன் பெரிய கேமராவையும் முழங்கை நீள லென்ஸையும் விற்றுவிட்டு, கைக்கு அடக்கமான மிரர்லெஸ் கேமரா ஒன்றையும், தான் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்ட, கையால் திருகி ஃபோகஸ் செய்யும் ரஷ்ய லென்ஸ் ஒன்றையும் வாங்கிவந்தபோது எனக்குச் சம்மதம்தான். தோள்வலி குறைந்தால் சரி என்று இருந்துவிட்டேன். வலி குறைந்தது, திமிர் ஏறிவிட்டது. படத்தின் ஓரம் மங்கினால் "அதுதான் சுவை" என்பார். வெயில் பட்டு வெளுத்தால் அதுவும் சுவை. தானாக ஃபோகஸ் ஆகும் கேமரா வைத்திருப்பவர்கள் எல்லாம் அவருக்குச் சோம்பேறிகள்.

எங்கள் அடுக்ககத்தில் பக்கத்து வீடு ஹிசாயே, நர்ஸ். அவள் மகள் கோஹாரு ஆறாம் வகுப்பு. பள்ளி விளையாட்டு விழாவின் தொடர் ஓட்டத்தில் சிவப்பு அணிக்குக் கடைசி ஆளாக ஓடப்போகிறவள். அந்தப் பள்ளியில் அவளுக்கு அதுவே கடைசி விழா. ஹிசாயேவுக்கோ அன்று ஆஸ்பத்திரியில் வேலை, விடுப்பு கிடைக்கவில்லை.

"நுமாடா சான், அவ முடிவு நாடாவைத் தொடற ஒரு படம் மட்டும் போதும்" என்று வாசலில் நின்று என் கணவரிடம் குனிந்து குனிந்து கேட்டாள்.

"கவலைய விடுங்க, இவர் எதுக்கு இருக்கார்?" அவரை முந்திக்கொண்டு வாக்குக் கொடுத்தவள் நான்தான்.

விடியுமுன் பள்ளி வாசலில் வரிசையில் நின்று, முடிவுக்கோட்டுக்கு எதிரே பாய் விரித்து இடம் பிடித்தோம். பக்கத்துப் பாயில் மாடிவீட்டு குசகாபே, கழுத்தில் பெரிய கேமராவோடு.

"என்ன குசகாபே சான், அரிசி குக்கரைத் தூக்கிட்டு வந்துட்டீங்க?" என்றார் என் கணவர்.

"எங்க குக்கர் தானா சமைச்சிரும். உங்களது விறகடுப்பு, ஊதணுமே!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் கணவர் சிரிக்கவில்லை.

தொடர் ஓட்டம் தொடங்கியதும் அவர் எழுந்து ஓடுதடத்தின் எதிர்ப்பக்கம் ஓடினார். அந்த லென்ஸுக்குத் தூரம் எட்டாதாம், கிட்டே போக வேண்டுமாம். கோஹாரு அணி மூன்றாவது இடத்தில் இருக்கையில் கோலை வாங்கி, முன்னால் ஓடிய இருவரையும் தாண்டி வந்தாள். நானாவது போனில் எடுத்திருக்கலாம். இவர் இருக்கிறாரே என்று எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

எது தெளிவாக இருக்கிறதோ, அதன் விளிம்பு அவருடைய கேமராத் திரையில் சிவப்பாக மினுங்கும். சிவப்பு தெரிந்ததும் அழுத்தினார். ஒரே ஒரு முறை. படபடவென்று சுட்டுத்தள்ளுவது சோம்பேறிகள் வேலை அல்லவா?

மினுங்கியது எங்கள் பாய்க்குப் பின்னால் இருந்த கூடாரத்தின் கோடுகள். படத்தில் கூடாரம் தெளிவு. வாய் பிளந்து நிற்கும் நானும் தெளிவு. முன்னால் சிவப்புத் தொப்பியோடு ஏதோ ஒன்று கரைந்து கிடந்தது.

"குசகாபேகிட்ட கேளுங்க. அவர் எடுத்திருப்பார்."

"அவன்கிட்டயா? காலையில குக்கர்னு சொல்லிட்டு, சாயங்காலம் போய் கையேந்தச் சொல்றியா?"

தன் படத்தையே பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு ஹிசாயே வீட்டுக்கு எடுத்துப்போனார். நானும் கூடப் போனேன்.

"பழைய லென்ஸோட சுவை இது" என்று நீட்டினார்.

ஹிசாயே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு. அக்கா, உங்க முகம் நல்லா விழுந்திருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்பா நினைக்காதீங்க. இதுல எங்க கோஹாரு எது?"

என் கணவர் அந்தச் சிவப்புக் கறையைத் தொட்டுக் காட்டினார். அவர் முகம் காது வரை சிவந்திருந்தது. ஹிசாயே "ஓ, ஆமா, ஆமா" என்று அவசரமாகத் தலையாட்டினாள்.

வெளியே வந்ததும் நேரே மாடிக்குப் போய் குசகாபே வீட்டு மணியை அடித்தார். குசகாபே கேலி செய்யவில்லை. அது இன்னும் வலித்தது. அவருடைய படத்தில் கோஹாருவின் பல்லும் முழங்கால் சிராய்ப்பும்கூடத் தெரிந்தன. நாடா அவள் நெஞ்சில். அவள் தோளுக்குப் பின்னால், குந்தியபடி, ஒரு கண்ணை மூடி, லென்ஸைத் திருகிக்கொண்டு என் கணவர்.

"என்னை வெட்டிட முடியுமா?"

"வெட்டினா நாடாவும் போயிருமே, நுமாடா சான்."

அந்தப் படத்தைத்தான் ஹிசாயே கூடத்தில் மாட்டியிருக்கிறாள். யார் எடுத்தது என்று நாங்கள் மறைக்கவில்லை. ஆனாலும் விருந்தாளி வந்தால் அவள் விரல் முதலில் போவது ஓரத்துக்குத்தான்.

"இதோ குந்தியிருக்காரே, பக்கத்து வீட்டுக்காரர். நான் கேட்டேன்னு எங்களுக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கார் பாருங்க!"

எங்கள் அடுக்ககத்தில் சுவர்கள் மெல்லியவை. அவள் அதை உண்மையான நன்றியோடுதான் சொல்கிறாள். இந்தப் பக்கம் என் கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைக்கிறார்.