மாநில ஒப்புதலுக்கு உட்பட்டு

எங்கள் ஊர் திவாலான பிறகு ஒன்பது வருடம் மாநில அரசின் பிடியில் இருந்தது. நகரசபை உறுப்பினர்களுக்கு அது பொற்காலம். யார் வந்து எதைக் கேட்டாலும் "சரி" என்று கை தூக்கிவிடுவார்கள். மாநிலம் அனுப்பிய அதிகாரி ஹாஸ்கெல் மறுநாள் காலையில் அதைக் கோடு போட்டு அடித்துவிடுவார். நல்ல பெயர் இவர்களுக்கு, வசவு அவருக்கு. சபைச் செயலரான நான், ஒவ்வொரு தீர்மானத்தின் முடிவிலும் "மாநில ஒப்புதலுக்கு உட்பட்டு" என்று வாசிப்பேன்.

வில்மா ஸ்தானெக் ஒவ்வொரு டிசம்பரிலும் பட்ஜெட் கூட்டத்துக்கு வந்துவிடுவார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மூடிக்கிடக்கும் தீயணைப்பு நிலையத்தைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். சரக்கு ரயில் குறுக்கே நின்றுவிட்டால் ஆம்புலன்ஸ் இந்தப் பக்கமே நிற்கும். அவருடைய கணவர் எமில் அந்தப் பக்கம் இருக்கும் வீட்டில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கிறார். வருடா வருடம் ஏழு உறுப்பினர்களும் "சரி" என்றார்கள். ஹாஸ்கெல் அடித்தார்.

இந்த இலையுதிர் காலத்தில் மாநிலத்தின் பிடி முடிந்து, ஹாஸ்கெல் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் பட்ஜெட்டை இனி நாங்களே போட வேண்டும். டிசம்பர் கூட்டத்துக்கு வில்மா ஒரு தட்டு நிறைய வால்நட் ரோல் சுட்டு எடுத்து வந்திருந்தார்.

"எல்லாருக்கும் ஒரு துண்டு குடு, ஈவெட். இன்னிக்குத் தடுக்க ஆளில்லையே" என்று தட்டை என்னிடம் நீட்டினார்.

அவைத் தலைவர் டார்னெல் டிப்ஸ் ஒரு துண்டைத் தின்று முடித்துவிட்டு விரல்களைத் துடைத்தார்.

"திறக்கலாம், வில்மா. ஆனா வரியை ஏத்தணும். இல்லேன்னா அந்தாளு மறுபடியும் வந்து நம்ம தலைமேல உக்காந்துடுவான்."

"ஏம்ப்பா டார்னெல், போன வருஷம் நீதானே எழுந்து நின்னு பேசுனே? எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"போன வருஷம் பேசலாம். அப்ப அது வெறும் பேச்சு."

பெயர்களைக் கூப்பிட்டேன். ஏழு பேரும் "வேண்டாம்" என்றார்கள். வருத்தப்பட வேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்தது. வருத்தம் வரவில்லை, எதுவுமே வரவில்லை. வாய் தன்பாட்டுக்கு வாசித்தது:

"தீர்மானம் தோற்றது. மாநில ஒப்புதலுக்கு உட்பட்டு."

யாரோ சிரித்தார்கள். வில்மா நேராக என் மேஜைக்கு வந்தார்.

"அப்ப இவங்க சொன்னதையும் ஹாஸ்கெல் அடிச்சுட முடியுமா? எங்க போய்ம்மா பாக்கணும் அவரை?"

"பழக்கதோஷத்துல சொல்லிட்டேன், வில்மா. இனிமே மேல யாரும் இல்ல. இவங்கதான்."

அவர் ஏழு பேரையும் பார்த்தார். அவர்கள் கையிலிருந்த ரோல் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வில்மா கோட்டை மாட்டிக்கொண்டு கதவு வரை போனார். வெளியே சரக்கு ரயில் ஊதியது, பிறகு பிரேக் கிறீச்சிட்டு நின்றது.

வில்மா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எமில் தனியா இருக்காரு" என்றார், யாரிடமென்று இல்லாமல்.

நான் அடுத்த தீர்மானத்தை வாசித்தேன்.