டாக்டரம்மாவின் லைசென்ஸ்

பால்சாமி சைக்கிளை டாக்டரம்மா வீட்டு வாசலில் அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் தறி நெய்கிறவன். இருட்டோடு கிளம்பி மிதித்து, பொழுது விடியும்போது ராஜபாளையம் வந்து சேர்ந்திருந்தான். மூச்சு வாங்க வாங்கச் சொன்னான். அவன் மனைவி வெள்ளத்தாய்க்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து வலி. பிள்ளையின் தலை வராமல் கை மட்டும் வெளியே வந்துவிட்டது. மருத்துவச்சி இனித் தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாள்.

"அந்தக் கை அசையுதா?" என்று கேட்டார் டாக்டர் ஞானரத்தினம்.

"அசையுதும்மா. நான் தொட்டதும் விரல மடக்கிச்சு."

"அப்ப பிள்ளை உசுரோட இருக்கு. வண்டியில ஏறுங்க."

டிரைவர் கருத்தையா அதற்குள் பழைய ஃபோர்டு காரைக் கிளப்பியிருந்தார். ஞானரத்தினம் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினார். பால்சாமி முன்னால் உட்கார்ந்தான்.

அது 1942ஆம் வருஷத்து ஐப்பசி மாதம். சுதந்திரப் போராட்டக்காரர்கள் ஊர் ஊராகத் தந்திக் கம்பிகளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். வெளி ஜில்லாக்களிலிருந்து ஸ்பெஷல் போலீஸைக் கொண்டுவந்து ரோடுகளில் நிறுத்தியிருந்தார்கள். பெட்ரோலுக்கு ரேஷன். டாக்டர் என்பதால் ஞானரத்தினத்துக்குக் கூப்பன் கிடைத்தது.

சென்னையில் எல்.எம்.பி. படித்துவிட்டு வந்து பதினைந்து வருஷமாக அந்தப் பக்கத்தில் வைத்தியம் பார்க்கிறவர் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், தேவதானத்தில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு மாட்டு வண்டியில் திரும்பும்போது சிலர் வழிமறித்தார்கள். காதில் கிடந்ததைப் பிடுங்கினார்கள். தடுத்த வண்டிக்காரரைக் குத்திப் போட்டுவிட்டார்கள். ரத்தம் நிற்காமல் அவர் ஞானரத்தினத்தின் மடியிலேயே உயிரை விட்டார். அதன் பிறகுதான் ஞானரத்தினம் ரிவால்வருக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டார். பொம்பளைக்கு எதற்கு என்று பல முறை திருப்பி அனுப்பினார்கள். ஆபீஸ் ஆபீஸாக விடாமல் நடந்து ஒருவழியாக வாங்கினார்.

சின்ன ரிவால்வர்தான். தோலுறையில் போட்டு இடுப்பில் கட்டி, மேலே சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வார். அப்படி ஒன்று இருப்பது வெளியே தெரியாது. தெரிந்தால் அதைப் பறிக்கவே ஆள் வரும் என்று யாரிடமும் சொல்லவில்லை. கருத்தையாவுக்குக்கூடத் தெரியாது.

பாதி வழியில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பனந்தடி கிடந்தது. பக்கத்தில் கீற்றுக் கொட்டகை. நாலைந்து போலீஸ்காரர்கள் நின்றார்கள். இவர்களுக்கு முன்னால் மலை எஸ்டேட் வெள்ளைக்காரத் துரையின் கார் போய்க்கொண்டிருந்தது. அதன் பின் சீட்டில் கிடந்த வேட்டைத் துப்பாக்கியின் குழல் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கார் நிற்பதற்குள் தடியை நகர்த்தி, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து அனுப்பி வைத்தார்கள். உடனே தடியை மறுபடியும் இழுத்துப் போட்டார்கள்.

கருத்தையா பிரேக்கை மிதித்தார். சப்-இன்ஸ்பெக்டர் காசிராஜன் கைத்தடியால் காரின் கதவைத் தட்டினார்.

"எங்கே போறீங்க?"

"நான் டாக்டர். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பிரசவம், ரொம்ப ஆபத்தா இருக்கு. இவர்தான் அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர்."

போலீஸ்காரர்களில் ஒருவரை ஞானரத்தினத்துக்குத் தெரியும். சமுத்திரம் என்று பெயர், சேத்தூர்க்காரர். அவர் ஓர் எட்டு முன்னால் வந்து, "அய்யா, இவிய நம்ம டாக்டரம்மா..." என்று ஆரம்பித்தார்.

"உன்னைக் கேட்டனா?" என்றார் காசிராஜன். சமுத்திரம் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"வண்டியில ஆயுதம் ஏதாவது இருக்கா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பனந்தடி நகர்ந்திருக்கும். ஆனால் லைசென்ஸ் வைத்திருக்கிறவர் போலீஸ் கேட்டால் மறைக்கக் கூடாது என்பது ஞானரத்தினத்தின் எண்ணம். மறைப்பதற்குத் தாம் என்ன திருடியா என்றும் நினைத்தார். இரண்டு கைகளையும் முன் சீட்டின் முதுகில் தெரியும்படி வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்.

"என் இடுப்புல ஒரு ரிவால்வர் இருக்கு. லைசென்ஸ் இந்தப் பையில இருக்கு. எதை முதல்ல எடுக்கணும்னு சொல்லுங்க, அதை எடுக்கிறேன்."

காசிராஜன் இரண்டடி பின்னால் துள்ளினார். "கையைத் தூக்கு! எல்லாரும் இறங்கு!"

கருத்தையா திகைத்துப்போய்த் திரும்பிப் பார்த்தார். பிறகு அவசரமாக இறங்கி, "அய்யா, அம்மா ஆசுபத்திரிக்காரவுக. செத்த நேரம் நான் சொல்லுததக் கேளுங்க" என்று கும்பிட்டபடியே அவர் பக்கம் போனார்.

கும்பிட்ட கையின் மேல் காசிராஜனின் கைத்தடி விழுந்தது. கருத்தையா குனிந்தார். முதுகில் ஓர் அடி. கீழே விழுந்ததும் மணிக்கட்டில் மறுபடியும் ஓர் அடி. எலும்பு முறிந்த சத்தம் காருக்குள்ளிருந்த ஞானரத்தினத்துக்குக் கேட்டது.

"அவரை ஏன் அடிக்கிறீங்க? துப்பாக்கி என்கிட்டல்லா இருக்கு!"

"உன்கிட்ட கொடுத்து ஒளிச்சு வைக்கச் சொன்னவன் இவன்தானே? இல்லே, உன் புருஷனோடதா?"

"எனக்குப் புருஷன் இல்லை. துப்பாக்கி என்னுது. லைசென்ஸ் என் பேர்ல இருக்கு. எடுத்துப் படிச்சுப் பாருங்க."

காசிராஜன் படித்துப் பார்த்தார். ஞானரத்தினம் உறையோடு கழற்றிக் கொடுத்த ரிவால்வரையும் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பேர், முத்திரை, ரிவால்வரின் நம்பர் எல்லாம் சரியாக இருந்தன. அதுதான் அவருக்குக் கோபத்தைக் கிளப்பியது போலிருந்தது.

"இது உண்மையான லைசென்ஸ்தானான்னு விசாரிக்கணும். ராஜபாளையத்துக்கு ஆள் அனுப்பறேன். பதில் வர்ற வரைக்கும் கொட்டகையில உட்காருங்க."

"அதுவரைக்கும் அந்தப் பொண்ணு தாங்க மாட்டா. ரிவால்வர் உங்ககிட்டயே இருக்கட்டும். லைசென்ஸும் இருக்கட்டும். என்கூட ரெண்டு போலீஸை அனுப்புங்க. பிள்ளையை எடுத்துட்டு நானே திரும்பி வந்து இங்கே உட்காருறேன்."

"மருத்துவச்சி பார்த்துக்குவா. நீ வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்ல யாரும் பிள்ளையே பெறலையா?"

பால்சாமி அவர் காலில் விழுந்தான். "சாமி, பிள்ள கைய அசைக்கி. நான் பாத்துட்டு வந்தேன் சாமி." காசிராஜன் பூட்ஸ் காலை இழுத்துக்கொண்டு நகர்ந்துபோனார்.

ஞானரத்தினம் கொட்டகையில் உட்காரவில்லை. கருத்தையாவின் கைக்குப் பனைமட்டையை வைத்துக் கட்டினார்.   விசாரிக்கச் சைக்கிளில் போன போலீஸ்காரன் திரும்பி வரக் காணோம். வெயில் ஏறிக்கொண்டே போனது. பால்சாமி ரோட்டுக்கும் கொட்டகைக்குமாக நடந்தான்.

உச்சிப் பொழுதுக்குத்தான் ஆள் வந்தான். லைசென்ஸ் உண்மையானதுதான் என்று பதில். காசிராஜன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நீங்க போகலாம். ரிவால்வர் இங்கே இருக்கும். டிரைவரும் இருப்பான். போலீஸ் மேல கையை ஓங்கியிருக்கான், கேஸ் உண்டு."

"அவர் கும்பிட்டாரு!"

"அதைக் கோர்ட்ல சொல்லுங்க."

கார் ஓட்ட ஆள் இல்லை. கருத்தையாதான், "என்னப் பத்தி ரோசன பண்ணாதிய. நீங்க போங்கம்மா, மொதல்ல போங்க" என்று விரட்டினார். பெட்ரோல் கிடைக்காததால் கரியில் ஓடும் பஸ் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. அதை மறித்து இருவரும் ஏறினார்கள்.

அவர்கள் போனபோது வெள்ளத்தாய்க்கு நினைவு தப்பியிருந்தது. பிள்ளையின் கை நீலம் பாரித்துக் குளிர்ந்து கிடந்தது. ஞானரத்தினம் உள்ளே கைவிட்டுப் பிள்ளையைத் திருப்பி, காலைப் பிடித்து எடுத்தார். ஆண் பிள்ளை. நல்ல எடை. ஒரு குறையும் இல்லை. காலையில் வந்திருந்தால் அழுதிருக்கும் பிள்ளை.

தாயைக் காப்பாற்ற அன்று முழுக்கப் போராடினார். காப்பாற்றியும் விட்டார். கண் விழித்ததும் வெள்ளத்தாய் கேட்டாள்.

"ஏம்மா, சீக்கிரமா வந்துருக்கக் கூடாதா?"

 பால்சாமிதான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அம்மா வரத்தான் செஞ்சாக. விடலட்டி" என்றான்.

மறுநாள் கருத்தையாவை ஜாமீனில் எடுத்தார். மணிக்கட்டு வீங்கிக் கறுத்திருந்தது. எலும்பைச் சேர்த்துக் கட்டினார். கட்டி முடித்ததும் கருத்தையா மெதுவாகக் கேட்டார்.

"இடுப்புல அப்படி ஒண்ணு இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லம்மா. நீங்க சொன்னதும் எனக்கு ஒண்ணும் வெளங்கல. அதான் குறுக்க வந்துட்டேன்."

"சொல்லியிருக்கணும் கருத்தையாண்ணே. ஆனா நீங்க கும்பிட்டுக்கிட்டு வந்ததுக்கு அடிக்கலாம்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"சட்டம் உங்கள அடிக்கலயேம்மா" என்றார் கருத்தையா. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அந்த வார்த்தை ஞானரத்தினத்தை அறைந்தது போல இருந்தது. ரிவால்வர் தம் இடுப்பில் இருந்தது. உண்மை தம் வாயிலிருந்து வந்தது. அடி இன்னொருத்தர் கையில் விழுந்தது.

அன்றே காசிராஜன் மேல் புகார் எழுதினார். கருத்தையாவை அடித்தது, டாக்டரென்று தெரிந்தும் தடுத்து வைத்தது, பிள்ளை செத்தது எல்லாவற்றையும் எழுதினார்.

சில நாள் கழித்து ஒரு போலீஸ் மேலதிகாரி மரியாதையாக வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"புகாரை வாபஸ் வாங்கிடுங்கம்மா. ரிவால்வர் உங்க கைக்கு வந்துடும். டிரைவர் மேல உள்ள கேஸையும் எடுத்துடறோம். காலம் கெட்டுக் கிடக்கு. இதைப் பெரிசு பண்ண வேண்டாம்."

"செத்துப்போன பிள்ளையை என்ன பண்றது?"

"அது விதி. போலீஸ் என்ன செய்யும்?"

ஞானரத்தினம் சட்டென்று எழுந்துவிட்டார். வாயில் வந்ததைக் கொட்டியிருப்பார். ஆனால் ஜெயில் பயம் இருப்பது கருத்தையாவுக்கு. அவரைக் கேட்காமல் வீரம் பேசத் தமக்கு உரிமையில்லை என்று நினைத்தார். வெளியே கார்ப் பக்கம் நின்ற கருத்தையாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"நீங்க வேண்டாம்னா வாபஸ் வாங்கிருதேன், அண்ணே. உங்கமேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது."

கருத்தையா கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

"வாபஸ் வாங்குனா நான் கைய ஓங்குனேன்னுல ஆயிரும்? நான் ஓங்கலயே! என்னத்துக்கு வாங்கணும்? இருக்கட்டும்மா. என்ன வந்தாலும் வரட்டும்."

கருத்தையா மேல் போட்ட கேஸ் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் நடந்தது. ரிவால்வரைப் பிடுங்கக் கருத்தையா பாய்ந்தார் என்றும், அது கலகக்காரன் கையில் சிக்காமல் தாம் தடுத்ததாகவும் காசிராஜன் சாட்சி சொன்னார்.

மாஜிஸ்திரேட் கருத்தையாவிடம் கேட்டார். "துப்பாக்கியைப் பறிக்கப் போனாயா?"

"அது இருக்கதே எனக்குத் தெரியாது எசமான். இருக்க எடம் தெரியாதத எப்படிப் பறிக்கது?"

சமுத்திரத்தைக் கூண்டில் ஏற்றினார்கள். ஞானரத்தினம் அவரையே பார்த்தார். அவர் யாரையும் பார்க்கவில்லை. "நான் அந்நேரம் ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னேன். ஒண்ணும் கவனிக்கல" என்றார்.

ஞானரத்தினம் கூண்டில் ஏறியதும் சர்க்கார் வக்கீல், "ஒரு பெண் எதற்காகத் துப்பாக்கியை உடம்பில் மறைத்து வைத்துக்கொண்டு திரிய வேண்டும்?" என்றார்.

"வெளியே தெரிய வச்சிருந்தாலும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பீங்க. எனக்கு லைசென்ஸ் கொடுத்தது சர்க்கார். கேட்டதும் மறைக்காம சொன்னது நான். எனக்கு முன்னாடி துப்பாக்கியை ஜன்னல்ல நீட்டிக்கிட்டுப் போன துரையை ஒரு வார்த்தை கேட்கலை. சல்யூட் அடிச்சாங்க. உண்மையைச் சொன்ன வண்டியில இருந்த ஆளை அடிச்சுக் கையை ஒடிச்சாங்க. இதுக்குப் பேர் சோதனையா? இனிமே போலீஸ் கேட்டா எல்லாரும் பொய் சொல்லணும்னு இந்தக் கோர்ட் சொல்லுதா?"

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி மாஜிஸ்திரேட் எச்சரித்தார்.

கருத்தையா மேல் குற்றம் ருசுவாகவில்லை என்று சொல்லி அவரை விடுதலை செய்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்று ஒரு வரி வாசித்தார்கள். அவ்வளவுதான்.

கோர்ட் வாசலில் பால்சாமி வந்து நின்றான். இங்கிலீஷில் வாசித்த தீர்ப்பு அவனுக்குப் புரியவில்லை.

"எம் பிள்ளயப் பத்தி அதுல என்னம்மா எழுதியிருக்கு?"

"ஒண்ணும் எழுதலை, பால்சாமி."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே நின்றான். கருத்தையா தம் நல்ல கையை அவன் தோளில் போட்டு அழைத்துப் போனார்.

காசிராஜன் மேல் கொடுத்த புகாரை விசாரிக்க மேலிடம் அனுமதி தரவில்லை. லைசென்ஸைப் பொது அமைதியை முன்னிட்டு ரத்து செய்தார்கள். ரிவால்வர் திரும்பி வரவேயில்லை. கருத்தையாவின் மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியது. கியர் மாற்றும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் அவர்தான் ஓட்டினார், ஞானரத்தினம் வேறு ஆளைப் போடவில்லை. ராத்திரி பகல் என்று பாராமல், இடுப்பில் ஒன்றும் இல்லாமலே சேத்தூருக்கும் தேவதானத்துக்கும் போய்வந்தார். பயமாக இருந்தது. பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

காசிராஜனை விசாரிக்கச் சொல்லி மனு எழுதுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. நிராகரித்து ஒரு பதில் வந்தால் அடுத்ததை எழுதுவார். சுதந்திரம் வந்த சில வாரத்தில், புதிதாகப் பொறுப்பேற்ற ஜில்லா அதிகாரி ஒருவரைப் பார்க்கக் கருத்தையாவையும் பால்சாமியையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனார். காசிராஜன் அதற்குள் இன்ஸ்பெக்டராகியிருந்தார்.

அதிகாரி நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டார். "உங்களுக்குப் புது லைசென்ஸ் கொடுக்க ஏற்பாடு பண்றேன் அம்மா. அது வெள்ளைக்காரன் காலம். போனதெல்லாம் போகட்டுமே" என்றார்.

"லைசென்ஸ் கேட்டு நான் வரலை" என்றார் ஞானரத்தினம். "இவர் கையைப் பாருங்க. பொறவு போகட்டும்னு சொல்லுங்க."

கருத்தையா சட்டைக் கையை மடித்துவிட்டு, கோணிய மணிக்கட்டை மேஜைமேல் நீட்டினார். பால்சாமி பக்கத்தில் போய் நின்றான். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். அவர் விசாரணைக்கு உத்தரவு போடும்வரை மூன்று பேரும் அங்கிருந்து நகருவதாக இல்லை.