அம்முலுவின் பிடி அரிசி

சுலோச்சனா செத்துப்போன தன் ஓரகத்தி அம்முலுவின் பீரோவைக் குடைந்து, சவப்பெட்டியில் வைக்கும்போது உடுத்த ஒரு நல்ல புடவை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் வாசலில் மூன்றாவது வேன் வந்து நின்றது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மானாம்பதி சபையிலிருந்து ஒரு கும்பலே இறங்கியது. அம்முலுவுக்கா இவ்வளவு கூட்டம் என்று வயிறு எரிந்தது. செத்தவளைப் பார்த்தா பொறாமைப்படுவது என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வெட்கத்தால் எரிச்சல் ஒன்றும் குறையவில்லை.

அம்முலு நேற்றுக் காலை ஏரியில் நூறு நாள் வேலை செய்யும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான். உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது நாற்பத்தாறு. மகள் ஜெனிஃபர் ஓசூர் கம்பெனியிலிருந்து வந்து சேர வேண்டியிருந்ததால் அடக்கத்தை இன்று மூன்று மணிக்கு வைத்திருந்தார்கள்.

ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்த இருவரில் மூத்தவள் சுலோச்சனா. மாதர் சங்கத்துக்குச் செயலாளர். மைக்கைப் பிடித்தால் கால் மணி நேரம் மூச்சு வாங்காமல் ஜெபம் பண்ணுவாள். அந்த ஜெபம் முடிவதற்குள் அம்முலு தூங்கி விழுவாள். ஆனாலும் மாமியார் சாகக் கிடந்த நாளில் கூப்பிட்டது அம்முலுவைத்தான். வீட்டுப் பசுகூட அம்முலு கை பட்டால்தான் பால் விட்டது. சுலோச்சனா போனால் காலைத் தூக்கியது. மாட்டுக்கும் மனுஷருக்கும் அவளிடம் அப்படி என்ன இருந்தது என்று இருபத்தைந்து வருஷமாக சுலோச்சனாவுக்கு விளங்கவே இல்லை.

அவளுக்கென்று ஒரே ஒரு இடத்தில் வெற்றி கிடைத்தது. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைக் கோயிலுக்கென்று தனிச் சட்டியில் எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கூடையில் கொட்ட வேண்டும். கூடைக்குப் பக்கத்தில் நிற்பவள் சுலோச்சனா. மூன்று வருஷமாக அம்முலு வெறுங்கையோடு வந்தாள். கேட்டால் சிரித்து மழுப்பினாள். சுலோச்சனா ஆயரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். ஆயர் பேர் சொல்லாமல்தான் பிரசங்கத்தில் கடிந்துகொண்டார், ஆனால் அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அடுத்த வாரத்திலிருந்து அம்முலு கடைசியில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுலோச்சனாவுக்கு அன்று உள்ளம் குளிர்ந்தது உண்மை.

இன்று ஆராதனையில் மாதர் சங்கத்தின் சார்பாக அவள்தான் அம்முலுவைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும். நல்ல வார்த்தைகள் கைவசம் நிறைய இருந்தன. பிடி அரிசிக்காகக் கோள் சொன்னவள் வாயால் அதைக் கேட்டு யாராவது முகத்தைச் சுளிப்பார்களோ என்பதுதான் பயம்.

பாக்கு நிறப் பட்டுப் புடவையை எடுத்து ஜெனிஃபரிடம் கொடுத்துவிட்டு, கொல்லைப் பக்கமாகத் தன் வீட்டுக்குப் போனாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று வந்தவர்களுக்கெல்லாம் இங்கேதான் சமையல். இரண்டு வீட்டுக்கும் கொல்லை ஒன்றுதான். பெரிய குண்டானில் சோற்றை வடித்து நிமிர்ந்தபோது, முருங்கை மரத்தடியில் ஒரு கிழவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வீராசாமி. கோயில் கட்டக் கல் இறக்கிய காலத்தில் வண்டிப் பாதையில் முள்வேலி போட்டு அடைத்தவர் இவர்தான். கேட்கப் போன அவள் புருஷன் ராஜாராமின் மேல் பொய்ப் புகார் கொடுத்து இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தவரும் இவர்தான். இப்போது பிள்ளைகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டு சென்னைக்குப் போய்விட, கிழவர் தனியாகப் பம்புசெட்டு அறையில் கிடப்பதாகக் கேள்வி. காது போய்விட்டது, கண்ணும் பாதிதான்.

முன்பக்கம் மைக் செட்டில் பாட்டு அலறியது. அது எதுவும் தெரியாமல் அவர் அம்முலு வீட்டுப் பின்கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அம்முலு, நேத்துதான் கதவு சாத்திக் கெடந்திச்சி. இன்னிக்கும் உச்சி சாஞ்சிடிச்சி, இன்னும் வடிக்கலியா?"

விரட்டிவிட சுலோச்சனா விடுவிடுவென்று போனாள். அதற்குள் ஜெனிஃபர் ஒரு அலுமினியத் தட்டோடு அழுதுகொண்டே பின்கதவில் வந்து நின்றாள். இது இன்னா கூத்து என்று சுலோச்சனா அடிக்குரலில் கேட்டாள்.

"அம்மாதான் பெரிம்மா, மூணு வருசமா சோறு போட்டுக்கினு கீது. கோயிலுக்குன்னு பிடி அரிசி எடுத்து வெக்கும். அத்தயே தாத்தாவுக்கு வடிச்சிடும். நீ மத்தியானம் கண்ணசர்ற நேரமாப் பாத்து வரச் சொல்லும்."

"அத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"பெரிப்பாவ ஸ்டேசன்ல குந்த வெச்சவருக்குப் போடறேன்னு தெரிஞ்சா உனக்கு மனசு நோவும்னு சொல்லிச்சு. பசிச்ச பகையாளிக்குச் சோறு போடுன்னு வேதத்துல சொல்லிகீது, செஞ்சிதான் ஆவணும், அதுக்கோசரம் அக்காவ அழ வெக்கக் கூடாதுன்னு சொல்லும்."

அந்த வேத வசனம் சுலோச்சனாவுக்கும் தெரியும், அதிகாரம் எண்ணோடு தெரியும். மாதர் சங்கத்தில் இரண்டு தடவை அதை வைத்துப் பேசியிருக்கிறாள். அந்த வசனத்தைப் படிக்கக்கூடத் திணறுகிறவள் அதை முந்திக்கொண்டு செய்துவிட்டாள் என்பது, செத்த வீட்டில் நிற்கிறோம் என்பதையும் மீறி அவளைச் சுட்டது.

தட்டைப் பிடுங்கிக்கொண்டு, போய் அம்மா பக்கத்தில் உட்கார் என்று பெண்ணை அனுப்பினாள். கிழவர் இங்கே சத்தம் போட்டால் ராஜாராம் வந்துவிடுவான், ஊர் முன்னால் அசிங்கம். அதற்காகத்தான் சோறு போடுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சோற்றையும் சாம்பாரையும் போட்டு அவர் முன்னால் நக்கென்று வைத்தாள்.

வீராசாமி பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். மென்று மென்று பார்த்தார்.

"இன்னாம்மா, சோறு வெறச்சிக்கினு கீது. தெனிக்கும் கொழைய வடிப்பியே. எனக்குப் பல்லு இல்லன்னு தெரியாதா உனக்கு?"

இங்கேயும் அவள்தானா என்று சுலோச்சனாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. குனிந்து அவர் காதருகே வாயை வைத்தாள்.

"அம்முலு இல்ல. செத்துப் போச்சி. நேத்து காலைலயே."

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. சொன்ன விதம் அவளுக்கே உடனே உறுத்தியது. கிழவர் அழவில்லை. அப்போ இத வடிச்சது யாரு என்று கேட்டார். நான்தான், அவ ஓரகத்தி என்றாள். ராஜாராம் பொண்டாட்டியா என்றார். தலையைக் குனிந்துகொண்டு, விறைத்த சோற்றை ஒவ்வொரு பருக்கையாக நசுக்கி நசுக்கிச் சாப்பிட்டு முடித்தார். தட்டைக் கழுவி மரத்தடியில் கவிழ்த்துவிட்டு, பந்தலைச் சுற்றிப் போய் கூட்டத்துக்குக் கடைசியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மூன்று மணிக்கு ஆயர் கூப்பிட்டார். சுலோச்சனா மைக்கை வாங்கினாள். பட்டுப் புடவையில் அம்முலு பெட்டிக்குள் கிடந்தாள், ஜெபத்தில் தூங்கிவிடுகிற அதே முகம். தயாராக வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"எங்க அம்முலு பிடி அரிசி எடுத்து வெச்சிக்கினுதான் இருந்திச்சி. ஒரு நாள்கூட வுடல. அது சேர வேண்டிய எடத்துல சேந்திச்சி. நான்தான் விசாரிக்காத தப்பா சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். கால் மணி நேரம் பேசுகிறவள் இத்தோடு உட்கார்ந்ததைப் பார்த்து ஆயரே திகைத்துப் போனார். கூட்டத்தில் விசும்பல் கிளம்பியது. அதுவும் அம்முலுவுக்காகத்தான். தப்பை ஒத்துக்கொண்டதற்குக்கூட அவளுக்குத்தான் கண்ணீர் என்று சுலோச்சனாவின் மனசு அந்த நேரத்திலும் ஒரு மூலையில் முணுமுணுத்தது. அதை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தலைமுக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ராஜாராம் சாப்பிட உட்கார்ந்தான். முதல் கவளத்தைப் பிசைந்தவன் கையை விரித்துப் பார்த்தான்.

"இன்னா சுலோ, சோறு இப்படிக் களி மாறி கொழஞ்சிக் கீது?"

அவள் குழம்பை ஊற்றிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாள். மரத்தடியில் கவிழ்ந்திருந்த அலுமினியத் தட்டை எடுத்து மறுபடி கழுவினாள். சோற்றைப் போட்டு, மூடி, காக்கை தள்ளாமலிருக்க மேலே ஒரு கல்லை வைத்தாள். பிறகு முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு வரப்பைப் பார்த்து நின்றாள். வரப்பில் யாரும் இல்லை. மணி பத்துகூட ஆகியிருக்கவில்லை.