பீச் ஐஸ்கிரீம்

நர்ஸ் வந்தபோது மோட்டார்ஹோமுக்குள் இருந்தவர்கள்: வெர்னா, அவள் மகள் டீனா, பக்கத்து வண்டிக்காரர் ராய்ஸ், ஒரு கிழட்டு நாய். படுக்கையில் வெர்னாவின் கணவர் டெல்பர்ட். விடியுமுன்பே உயிர் போயிருந்தது.

"நுரையீரல் ஓய்ஞ்சு போச்சும்மா. இன்னைக்கில்லன்னா நாளைக்கு," என்று சொல்லி நர்ஸ் காகிதத்தில் நேரம் எழுதினாள்.

டீனா ஆக்சிஜன் மெஷினைப் பார்த்தாள். சத்தமில்லை. ஆனால் யாரும் அணைக்கவில்லை. ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது.

பாலைவனத்தில் மூன்று நாளாக வெயில் இல்லை; கூரையிலிருந்த சோலார் தகடுகள் பேட்டரியை நிரப்பவில்லை. "மெஷின், ஃபிரிட்ஜ் ரெண்டையும் பேட்டரி தாங்காது. ராத்திரி ஃபிரிட்ஜை அணைச்சிடு வெர்னா," என்று நேற்று மாலை ராய்ஸ் சொன்னார்.

"பீச் பழ ஐஸ்கிரீம் ஒண்ணுதான் அவருக்குத் தொண்டையில இறங்குது. அதையும் உருக விடச் சொல்றியா?"

இரவு பத்து மணிக்கு மேல் அந்த முகாமில் ஜெனரேட்டர் போடக்கூடாது. டீனா ஊருக்குள் லாட்ஜுக்குப் போய்விட்டிருந்தாள். வெர்னா காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு டெல்பர்ட் பக்கத்தில் படுத்தாள்.

டெல்பர்ட்டை ஏற்றிக்கொண்டு வேன் போன பிறகு, ராய்ஸ் ஆக்சிஜன் மெஷினை அணைத்துவிட்டு, தன் ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்து மாட்டினார். இன்வர்ட்டரின் சிவப்பு விளக்கு அணைந்து, ஃபிரிட்ஜ் உறும ஆரம்பித்தது.

"வீட்டு ஃபிரிட்ஜ்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னான். முன்கண்ணாடியக் கழட்டித்தான் உள்ள ஏத்தினோம். திருப்பி மாட்டாமலே கிளம்பப் பார்த்தான், கழுதை," என்றார் ராய்ஸ், காலிப் படுக்கையைப் பார்த்து.

வெர்னா சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

வெளியே ராய்ஸ் டீனாவின் முழங்கையைப் பிடித்தார். "பேட்டரி காலியாகி ராத்திரியே எல்லாம் நின்னிருக்கு. உங்கம்மா கேட்டா, காலையில நான்தான் மெயின் ஸ்விட்சை அணைச்சேன்னு சொல்லிடறேன்."

டீனா உள்ளே வந்து ஃப்ரீசரைத் திறந்தாள். கைக்கு வந்த டப்பாவில் ஐஸ்கிரீம் பாலாய்த் தளும்பியது. காலையில் அணைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. அம்மா இதைப் பார்க்கக்கூடாது. அதையும் அடுத்ததையும் குப்பைப் பையின் அடியில் தள்ளி, மேலே பழைய பேப்பரைத் திணித்தாள்.

"குப்பை நாறுதும்மா. போட்டுட்டு வரேன்."

வெர்னா படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"மூணு டப்பா இருந்துச்சு. ஒண்ணு பின்னால இருக்கு. அதையும் எடுத்துட்டுப் போ."

டீனா மறுபடி ஃப்ரீசரைத் திறந்தாள். மூன்றாவதையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

முதுகுக்குப் பின்னால் கதவு மூடியது. உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.