கட்டில் இல்லாத படம்

பேருந்து நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் அந்தப் படம் மாட்டப்பட்ட அன்று காலை, அவள் தன் அண்ணனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் மாடியிலிருந்து இறங்கினாள். அண்ணன் கண்ணாடி முன் நின்று சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"ஒண்ணுமில்லண்ணே" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் நகரப் பேருந்தில் நடத்துநர். அண்ணன் அதே பணிமனையில் ஓட்டுநர். அவள் ஊதுகிற விசில் அடுத்த நிறுத்தம் வரை கேட்கும் என்பதால் எல்லோருக்கும் அவள் விசிலக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அண்ணன் வீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையில் குடியிருந்தாள். வேலை இல்லாத நாட்களில் அங்கே உட்கார்ந்து படம் வரைவாள். முதலில் பூச்சாடிகள் வரைந்தாள், பிறகு மேகங்கள், பிறகு ஜன்னலோரம் தூங்கி வழியும் பயணிகள். அண்ணி மட்டும் எப்போதாவது டீயோடு வந்து எட்டிப் பார்த்து, "இவருக்கு ஏன் மூக்கு இப்படி வளைஞ்சிருக்கு? பஸ் திரும்பும்போது வரைஞ்சியா?" என்று கேட்பாள்.

அந்த வருடம் கலைத்துறையிலிருந்து ஓர் இளம் பெண் அதிகாரி வந்தாள். வட்டாரத்து ஓவியர்களின் படங்களை மருத்துவமனை நடை, நூலகம், சந்தைக் கூடம், பேருந்து நிலையம் என்று ஜனங்கள் ஏற்கெனவே நிற்கிற இடங்களில் கொண்டுபோய் மாட்டுவது அவளுடைய திட்டம். மாடியேறி வந்தவளிடம் விசிலக்கா தன் மேகங்களைக் காட்டினாள். அதிகாரி மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே போய், மூலையில் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்த பெரிய படத்தைத் திருப்பினாள். இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"இதைக் கொடுங்க. வேற எதுவும் வேண்டாம்" என்றாள்.

அது பணிமனையில் ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் அறை. மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை அண்ணனிடம் கொடுக்க ஒரு மதியம் போனபோது அவள் வாசலில் நின்று பார்த்த காட்சி. சிமெண்டுத் தரையில் செய்தித்தாளை விரித்து ஆண்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். தலைக்கு அவரவர் செருப்பும் ஷூவும். ஒருவர் முகத்தில் ஈரத்துண்டு. ஜன்னல் வெயில் எல்லோருடைய பாதங்கள்மேலும் விழுந்திருந்தது. நடுவில் அண்ணன், பனியன் மேலேறி, வாய் திறந்து கிடந்தான். அவனுடைய இரண்டு கைவிரல்களும் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதுபோல் பாதி மடங்கியிருந்தன. சுவரில் இருந்த பலகையையும் அவள் விடவில்லை: 'பயணிகளின் பாதுகாப்பே எங்கள் பெருமை.'

படம் மாட்டிய அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. பேருந்துக்குக் காத்திருப்பவர்களுக்குச் சுவரைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. படத்தைப் பார்த்தார்கள், பிறகு பேருந்தில் ஏறி ஓட்டுநரைப் பார்த்தார்கள். "அண்ணே, நல்லாத் தூங்கினீங்களா?" என்று ஒருவர் கேட்க, பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனின் மகளுக்கோ கல்லூரித் தோழிகள் அந்தப் படத்தைப் போனில் எடுத்து வரிசையாக அனுப்பியிருந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா வேணாம்பே. அதான்."

"பாரு, எவ்வளவு தைரியமா சொல்றா! கூடப் பொறந்தவன் வாயைப் பொளந்து கெடக்கிறதை ஊருக்கே மாட்டி வெச்சுட்டு! நாளைக்கே கழட்டணும். சொல்லிட்டேன்."

"அசிங்கம் உன் வாயில இல்லண்ணே. நீ படுத்திருக்கிற தரையில இருக்கு."

அண்ணி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவளும் அன்று கடைக்குப் போகிற வழியில் படத்தைப் பார்த்திருந்தாள். "உங்க வாயை நான் தினமும் பார்க்கிறேன், அதை விடுங்க" என்றாள். "அங்கே கட்டில் இருக்கு, ஃபேன் இருக்கு, மெத்தை போட்டிருக்காங்கன்னு யார் சொன்னது? முதுகு வலிக்குதுன்னு வீட்டுக் கட்டிலை மாத்தச் சொல்லி என் உயிரை எடுத்தீங்களே. இத்தனை வருஷமா வெறுந்தரையிலயா படுக்கிறீங்க?"

அண்ணன் அப்போதுதான் குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தான். அவன் கோபத்தின் அடி எங்கே இருந்தது என்று விசிலக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. வாய் திறந்திருந்தது அவனுக்குப் பெரிதில்லை. வீட்டில் அவன் சொல்லி வைத்திருந்த பொய் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் மனம் இளகியது. ஆனாலும் படத்தைக் கழற்றுகிறேன் என்று அவள் சொல்லவில்லை. அண்ணன் அன்றிலிருந்து அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். உப்பு வேண்டுமென்றால்கூட, "அவளை அந்த டப்பாவைத் தள்ளச் சொல்லு" என்று மகளிடம் சொன்னான்.

இரண்டொரு நாளில் பணிமனை மேலாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். எதிரில் கலைத்துறை அதிகாரியும் உட்கார்ந்திருந்தாள், முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு. மேலாளர் கெட்டவர் இல்லை. மேலிடத்தைப் பார்த்தால் கைகட்டுவார், கீழிடத்தைப் பார்த்தால் கைநீட்டிப் பேசுவார், அவ்வளவுதான்.

"உட்காரும்மா. இவ்வளவு திறமை உன்கிட்ட இருக்குன்னு தெரியாம போச்சே! பிரமாதம். ஒரு சின்னத் திருத்தம் மட்டும் பண்ணிடு. தலைமை அலுவலகத்துலேர்ந்து பார்வையிட வர்றாங்க."

"என்ன திருத்தம் சார்?"

"அவங்க எல்லாருக்கும் கீழ ஒரு கட்டில் வரைஞ்சிடு. உனக்கு ஒரு நாள் வேலை. லீவு நான் தர்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"என்ன சிரிப்பு?"

"நீங்க கட்டில் போடுங்க சார். நான் வரையிறேன்."

மேலாளர் முகம் மாறியது. "நீ கண்டக்டர். அதை ஞாபகம் வெச்சுக்க."

"அது நல்லா ஞாபகம் இருக்கு சார். அதனாலதான் அந்த அறைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுது."

அதிகாரி மெல்லக் குறுக்கிட்டாள். "அக்கா, இடம் அவங்களோடது. வேணும்னா நூலகத்துல மாட்டலாம். அங்கே வெளிச்சமும் நல்லாருக்கும்."

"நூலகத்துக்கு வர்றவங்க அந்த வண்டியில ஏற மாட்டாங்கம்மா. யாரு இந்த டிரைவருங்க கையில உயிரைக் கொடுத்துட்டுப் போறாங்களோ, அவங்கதான் பார்க்கணும். நான் கழட்ட மாட்டேன். கழட்டணும்னா நீங்களே எல்லார் முன்னாலயும் கழட்டுங்க சார். கழட்டினது யாருன்னும் ஜனங்க பார்க்கட்டும்."

மறுநாள் காலை கழற்றிவிட்டார்கள். படம் தொலைந்த பொருட்கள் வைக்கும் அறைக்குப் போனது, யாரோ விட்டுப்போன குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில். சுவரில் ஆணி மட்டும் மிச்சம். அதற்குக் கீழே படத்தின் தலைப்பு எழுதிய அட்டை அப்படியே இருந்தது: 'ஓய்வு நேரம்.'

மதியம் விசிலக்கா தன் பேருந்திலிருந்து இறங்கி நேராகக் கூடத்துக்கு வந்தாள். அதிகாரியை வரச் சொல்லியிருந்தாள். மேலாளரும் வந்துவிட்டார். காத்திருந்த பயணிகள் மெல்ல நெருங்கி நின்றார்கள். "படம் எங்கேங்க?" என்று ஓர் அம்மாள் கேட்டாள். "நேத்து என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி, இன்னிக்குக் காட்டணும்னு கூட்டிட்டு வந்தேன்."

மேலாளர் குரலை உயர்த்தினார். "எல்லாரும் கேளுங்க. அந்தப் படத்துல இருக்கிறது உண்மை இல்லை. ஒருத்தரோட கற்பனை. எங்க டிரைவருங்களுக்கு எல்லா வசதியும் இருக்கு. சந்தேகம் இருந்தா, படத்துல இருக்கிற ஆளையே கேட்டுக்கலாம்."

சரியாக அப்போதுதான் அண்ணன் தன் பேருந்து நடையை முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தான். கையில் தண்ணீர் பாட்டில், கக்கத்தில் மடித்த செய்தித்தாள். மேலாளர் அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். இதுவரை அவன் தோளில் அவர் கை பட்டதில்லை.

"நீயே சொல்லுப்பா. உன் தங்கச்சி உன்னை அசிங்கப்படுத்திட்டான்னு நீயும் வருத்தப்படுறேன்னு கேள்விப்பட்டேன். அந்தப் படம் பொய்தானே?"

விசிலக்கா தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தாள். அவன் சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தாள். சொன்னால் அவனுக்கு எல்லாம் சுலபமாகிவிடும். வீட்டிலும் தலைநிமிர்ந்து, "பார், மேனேஜரே சொல்லிட்டார்" என்று முடித்துக்கொள்ளலாம். அவளால் அவனைக் குறை சொல்லவும் முடியாது.

அண்ணன் வெறும் ஆணியைப் பார்த்தான். அதற்குக் கீழே இருந்த அட்டையை உதடசைத்துப் படித்தான். பிறகு மேலாளரின் கையைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டான்.

"பொய்யா சார்?" என்றான்.

கக்கத்திலிருந்த செய்தித்தாளை உதறி, ஆணிக்கு நேர்கீழே தரையில் விரித்தான். ஷூவைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான். சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவில், பட்டப்பகலில், நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டான்.

"என்னய்யா பண்றே? எழுந்திரு!"

"ஓய்வு நேரம் சார்" என்றான், கண்ணை மூடியபடியே. "அடுத்த நடைக்கு நேரமிருக்கு. நேரத்துக்கு வண்டியை எடுத்துடுவேன்."

பின்னால் வந்துகொண்டிருந்த இன்னொரு ஓட்டுநர், ஊரே மரக்கட்டை என்று கூப்பிடும் நெட்டை மனிதர், நின்று பார்த்தார். அவரும் அந்தப் படத்தில் இருந்தவர்தான், ஈரத்துண்டுக்கு அடியில். தன் முகம் தெரியவில்லை என்று விசிலக்காவிடம் குறைப்பட்டுக்கொண்டவர். அவர் குழாயடிக்குப் போய்த் துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்து, அண்ணனுக்குப் பக்கத்தில் படுத்து முகத்தை மூடிக்கொண்டார். அடுத்தவர் வந்தார். அதற்கடுத்தவரும். செய்தித்தாள் இல்லாதவருக்கு ஒரு பயணி தான் படித்துக்கொண்டிருந்ததைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுத்தார். "விளையாட்டுப் பக்கத்தை மட்டும் குடுத்துடுங்க, இன்னும் படிக்கல" என்றார்.

மேலாளர் கத்தினார். "நடவடிக்கை எடுப்பேன்! ஒருத்தனையும் பாக்கி விடமாட்டேன்!"

"கத்தாதீங்க சார்" என்றாள், கணவனைக் கூட்டி வந்திருந்த அந்த அம்மாள். "தூங்குறாங்க இல்ல? இவங்கதான் அப்புறம் எங்களைக் கூட்டிட்டுப் போகணும்."

கூடம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது ஒரு சத்தம் கேட்டது. அண்ணன் உண்மையிலேயே தூங்கிவிட்டிருந்தான். விடிவதற்கு முன் எழுந்து வண்டியை எடுத்தவன். தரையில் முதுகு பட்டால் தூக்கம் வராமல் என்ன செய்யும்? வாய் திறந்துகொண்டது. விரல்கள் பாதி மடங்கின. விசிலக்காவின் கண் கலங்கியது. அதை யாரும் பார்க்கக் கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அண்ணன் எழுந்து நேரத்துக்கு வண்டியை எடுத்தான். எல்லோரும் எடுத்தார்கள். அன்று எந்தப் பேருந்தும் தாமதமாகக் கிளம்பவில்லை, அதனால் மேலாளருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நுனிகூடக் கிடைக்கவில்லை. மறுநாள் மதியமும் அதே இடத்தில் படுத்தார்கள். அதற்கு மறுநாளும். படுப்பவர்களைத் தாண்டிப் போகப் பயணிகள் பழகிவிட்டார்கள். குழந்தைகளிடம், "மாமா தூங்குறாங்க, பார்த்துக் கால் வை" என்றார்கள்.

தலைமை அலுவலகத்துக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் மேலாளர் இறங்கிவந்தார். படம் திரும்பவும் சுவருக்கு வரும், ஓட்டுநர்கள் திரும்பவும் அறைக்குப் போக வேண்டும் என்றார். "அறைக்குப் போறோம். போனா எதுல படுக்கிறது?" என்று கேட்டார் மரக்கட்டை. பேச்சு நீண்டது. கடைசியில் கட்டில்கள் வந்தன. எங்கோ கழித்துப் போட்ட இரும்புக் கட்டில்கள். திரும்பிப் படுத்தால் முனகும். எல்லோருக்கும் போதவும் இல்லை, முறை போட்டுப் படுத்தார்கள். ஆனாலும் யாரும் தரையில் படுக்கவில்லை.

படத்தைத் திரும்ப மாட்டியது அந்த இளம் அதிகாரிதான். ஆளை வரச் சொல்லிக் காத்திருக்காமல், ஏணி ஒன்றை வாங்கிவந்து தானே ஏறினாள். "எங்க ஆபீஸ்ல இதுக்குச் சம்மதம் இல்ல, வேலை போனா போகட்டும்கா" என்று மேலே நின்றபடி சொன்னாள். படம் கோணாமல் நின்றது.

விசிலக்காவை மட்டும் அவர்கள் சும்மா விடவில்லை. ஊருக்கு வெளியே போகும் குண்டும் குழியுமான தடத்துக்கு, விடியற்காலை முதல் வண்டிக்கு மாற்றினார்கள். அவள் முறையிடவில்லை. "அங்கேயும் ஜனங்க இருப்பாங்க இல்ல, முகம் இருக்கும் இல்ல" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு அலாரத்தைத் திருத்தி வைத்தாள்.

படம் நன்றாக இருக்கிறது என்று அண்ணன் இன்றுவரை சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, யாரையும் பார்க்காமல், "மேல்வரிசையில ஒரு பல்லை விட்டுட்டே" என்றான். அதுதான் அவன் திரும்பவும் பேச ஆரம்பித்தது.

"எந்தப் பல்லு? வாயைத் திற, எண்ணிப் பார்க்கலாம்" என்றாள் அவள். சிரித்த சிரிப்பில் அண்ணிக்குப் புரையேறிவிட்டது.

கண்காட்சி முடிந்தது. அடுத்த வருடத்துக்கான அறிவிப்பில், வட்டாரத்தின் இயற்கை அழகை மட்டுமே வரைந்து அனுப்பும்படி ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. விசிலக்கா அதைப் படித்துவிட்டு மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஸ்டூலின் காலுக்கு அடியில் செருகினாள். புதிய ஓவியத் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்தாள். பணிமனையில் பெண் நடத்துநர்களுக்கென்று ஒரு கழிப்பறை உண்டு. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அவளோடு வேலை பார்க்கும் தோழி மாடிக்கு வந்திருந்தாள். விசிலக்கா அவளைக் கதவருகில் நிறுத்தினாள்.

"இப்படியா?" என்று கேட்டாள் தோழி, முதுகைக் கதவில் சாய்த்து, கையைப் பின்னால் கொண்டுபோய்க் கைப்பிடியைப் பற்றியபடி. "மூஞ்சி தெரியணுமா, வேணாமா? இப்பவே சொல்லிடு. அப்புறம் வீட்டுல நான் பதில் சொல்லணும்."

"உன் இஷ்டம். இந்தத் தடவை கேட்டுட்டுத்தான் வரையிறேன்."

தோழி முகத்தில் விழுந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

"தெரியட்டும்" என்றாள்.